பறையாட்டத்தைக் கையால் வரைந்து பாடல் காணொளியாக்கும் முறை

ஆடுபவரைப் படமெடுத்து, அதன்மேல் பிரேம் பிரேமாக வரைந்து அசைவூட்டுவதற்கு ரோட்டோஸ்கோப்பிங் என்று பெயர். மாக்ஸ் பிளைஷர் இதற்கு 1915இல் காப்புரிமை கோரினார். கோமாளி உடையில் அவருக்காக ஆடியவர் தம்பி டேவ். மும்பை தாராவியில், 90 அடிச் சாலைப் பக்கத்துப் பறைக்குழு ஒன்றின் பாடலுக்கு நான் கையாண்ட வழியைப் படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: நொடிக்கு 24 பிரேமில், ஷட்டர் வேகத்தை 1/100 நொடி என வைத்துப் படமெடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது; இந்த வேகத்தில் அந்த மினுக்கல் படத்தில் ஏறாது. 1/50 வைத்தாலும் ஏறாதுதான். ஆனால் பறையடிக்கும் மெல்லிய குச்சியான சிண்டுக்குச்சியின் நுனி இழுபட்டு மங்கிவிடுவதால், எங்கே கோடு போடுவது என்று தெரியாது. ஆடுபவரின் பாதங்கள் எப்போதும் சட்டகத்துக்குள் இருக்கட்டும்.

படி 2: கைபேசிக் காணொளியின் பிரேம் வேகம் பெரும்பாலும் சீராக இருப்பதில்லை. காணொளியை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்' (சீரான பிரேம் வேகம்) தேர்ந்து மாற்றிய பிறகே வரையத் தொடங்குங்கள்.

படி 3: படத்தைப் பாடலின் தாளத்தோடு பொருத்துவது; பலரும் தடுமாறும் இடம் இதுதான். நிமிடத்துக்கு 120 தாள அடி என்றால் ஓர் அடிக்குச் சரியாக 12 பிரேம். 100 அடி என்றால் 14.4 பிரேம். அதை 14 என்று வைத்துக்கொண்டே போனால் பத்தாவது அடிக்குள் படம் நான்கு பிரேம் முந்திவிடும். ஆகவே அடியின் எண்ணை 14.4ஆல் பெருக்கி, அருகிலுள்ள முழு எண்ணை எடுக்க வேண்டும்: 14, 29, 43, 58, 72. நேரில் அடித்துப் பதிந்த பறைக்கு இந்தக் கணக்கும் உதவாது. ஆட்டம் சூடேறச் சூடேற வேகமும் கூடும். அப்போது ஒலி அலைவடிவத்தைப் பெரிதாக்கி, அடிக்குச்சி விழும் ஒவ்வொரு கூர்முனையிலும் கையாலேயே குறியிடுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என வரைபவர்கள், பாதம் தரையில் விழும் படத்தை மட்டும் அதற்குரிய பிரேமிலேயே வைக்க வேண்டும். முந்தைய படம் ஒரே பிரேமோடு முடிந்தாலும் பரவாயில்லை.

படி 4: உடலின் ஓரக்கோட்டிலிருந்து தொடங்காதீர்கள். இடுப்பையும் முதுகெலும்பையும் முதலில் குறித்து, பாதம் விழும் நிலைகளை வரைந்து முடித்த பிறகே இடைப்பட்டவற்றை நிரப்புங்கள். ஊன்றிய பாதத்தைத் திரும்ப வரையாமல் நகலெடுத்து ஒட்டினால்தான் அது தரையில் நிற்கும், இல்லையேல் வழுக்கும். பாதம் விழுந்ததும் முழங்கால் மடங்கி உடல் இறங்குவதைக் காணொளியில் இருப்பதைவிடச் சற்றுக் கூட்டியே வரையுங்கள், ஏனெனில் உள்ளபடியே வரைந்த உடலில் கனம் குறைந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் இலவச வரைகலை மென்பொருளான கிரிதாவே போதும். தொடங்குபவர்கள் கட்டண மென்பொருள் வாங்கத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

பின்சேர்க்கை: முழுப் பாடலையும் கிரிதாவில் ஏற்றியதும் கணினி உறைந்துவிடுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பிரேமும் நினைவகத்தைப் பிடிப்பதே காரணம். ஒரு ஷாட்டுக்கு ஒரு கோப்பு எனப் பிரித்து, மேலே வரைவதற்கான காணொளியைப் பாதி அளவில் ஏற்றுங்கள்.