மரத்தை விடுங்கள், கோட்டைப் பிடியுங்கள்: போட்டோவை அரூப ஓவியமாக்கும்போது நடக்கும் தவறுகள்

போனில் எடுத்த மலை, குளம், பூ, மேகம் என்று எல்லோரிடமும் படங்கள் குவிந்து கிடக்கின்றன. அதில் ஒன்றை ஃபோட்டோஷாப், ஜிம்ப் போன்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து, ஃபில்டர் மெனுவில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதில்தான் போட்டோவை அரூப ஓவியமாக்கும் வேலை பெரும்பாலும் தொடங்குகிறது. ஏதோ ஒரு தட்டலில் படம் சுழித்துக்கொண்டு 'அட, நல்லா இருக்கே' என்று தோன்றும். சேமித்துவிடுவோம். மறுநாள் பார்த்தால் கெட்டுப்போன போட்டோ மாதிரி இருக்கும்.

கோளாறு ஃபில்டரில் இல்லை. படத்தில் எதை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே அதைத் தொட்டதுதான் கோளாறு. டச்சு ஓவியர் பீட் மோந்திரியான் 1908-இலிருந்து சில ஆண்டுகள் மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சிவப்பு மரத்தில் மரம் மரமாகவே நிற்கிறது. 1911-இல் வரைந்த சாம்பல் மரத்தில் நிறம் போய்விட்டது. கிளைகள் வளைகோடுகளாகப் பரவுகின்றன. 1912-இல் வரைந்த பூத்த ஆப்பிள் மரத்தில், மரம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பூவும் பட்டையும் தரையும் போனாலும், கிளையின் வளைவை மட்டும் இந்த மூன்று படங்களிலும் அவர் விடவில்லை.

நாமும் அதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் படத்தில் என்னை இழுத்தது கோடா, நிறமா, சொரசொரப்பா, ஒளி நிழல் பிரிவா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோடு என்றால் அந்தக் கோட்டின் திசையிலேயே இழுத்து மங்கலாக்கும் மோஷன் ப்ளர். நிறம் என்றால் எல்லாப் பக்கமும் மங்கலாக்கி வடிவத்தைக் கரைக்கும் காசியன் ப்ளரோ, நிறங்களை நாலைந்தாகக் குறைக்கும் போஸ்டரைஸோ. சொரசொரப்பு என்றால் ப்ளர் பக்கமே போகாதீர்கள். நெருக்கமாக வெட்டி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அழகான போட்டோதான் நல்ல மூலப்படம் என்று நினைப்பதும் தவறு. சூரிய அஸ்தமனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தாலும் அந்த வட்டம் வட்டமாகவே நிற்கும், கண்ணும் உடனே 'சூரியன்' என்று பெயர் வைத்துவிடும். பறவை, படகு, மின்கம்பம் எல்லாம் அப்படித்தான். வேப்பமரப் பட்டை, வெடித்துக் கிடக்கும் ஏரி மண், கிணற்றுச் சுவரின் பாசி, தண்ணீரில் கலங்கும் நிழல் என்று ஆல்பத்தில் யாரும் லைக் போடாத படங்கள் இதற்கு எவ்வளவோ மேல்.

ஒரு பனந்தோப்புப் படத்தை வைத்துப் பார்ப்போம். மாலை வானம் வெளிச்சமாக இருக்கிறது, மரங்கள் கறுப்பாக நிற்கின்றன. 12 மெகாபிக்சல் போனில் நிற்கவைத்து எடுத்தால் உயரம் 4000 பிக்சல். மோஷன் ப்ளரில் கோணம் 90 (அதாவது நெட்டுக்குத்தாக), தூரம் 100 பிக்சல் என்று வைத்தால், கை ஆடி எடுத்த போட்டோ போல இருக்கும். பலர் இங்கேயே பயந்து நின்றுவிடுகிறார்கள். தூரத்தை 700, 800 வரை கொண்டுபோங்கள். அடிமரங்கள் கறுப்புப் பட்டைகளாகும், ஓலைகள் மேலே ஒரு மங்கலான பச்சையாகக் கரையும், தரை காவி நிறப் படலமாகும். பார்ப்பவருக்குப் பனை என்று தெரியாது, ஆனால் ஏதோ நெட்டுக்குத்தாக நிற்கிறது என்று தெரியும்.

இதில் மூன்று இடங்களில் சறுக்கும். மரம் 3 டிகிரி சாய்ந்திருந்தால் 800 பிக்சல் இழுவையில் அதன் விளிம்பு பக்கவாட்டில் 40 பிக்சல் வரை கசிந்துவிடும்; முதலில் படத்தைத் திருப்பி மரத்தை நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் கோணத்தை மாற்றுங்கள். அடுத்தது மேல், கீழ் விளிம்புகள். அதற்கு வெளியே பிக்சல் இல்லாததால் ஃபில்டர் விளிம்பு நிறத்தையே இழுத்து நிரப்பும், கம்பி கம்பியாகத் தெரியும். அந்தப் பகுதியைத் தயங்காமல் வெட்டிவிடலாம், அதற்காகவே எடுக்கும்போது கொஞ்சம் தாராளமாக எடுப்பது நல்லது. மூன்றாவது, மரங்களுக்கு நடுவே பளீரென்று தெரியும் சூரியன் வெள்ளைத் தூணாக நீண்டுவிடும். ப்ளருக்கு முன்பே அதை அழித்துவிட வேண்டும். இந்த உத்தி வரிசையாக நட்ட சவுக்குத் தோப்புக்கும் அருமையாக வரும். தென்னந்தோப்புக்கு வராது. தென்னை வளைந்து வளரும் மரம், நேர்கோட்டில் இழுத்தால் அந்த வளைவுதான் முதலில் சாகும்.

போலார் கோஆர்டினேட்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். படத்தை வட்டமாகச் சுருட்டும் இந்த ஃபில்டரை எல்லோரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்கிறார்கள், மையத்திலிருந்து வெளியே போகும் ஒரு தையல் கோட்டையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். படத்தின் இடது விளிம்பும் வலது விளிம்பும் சந்திக்கும் இடம் அது. ஒரு பக்கம் வானம் வெளுத்தும் மறுபக்கம் இருண்டும் இருந்தால் அங்கே வெட்டு விழுந்தது போல் தெரியும். படத்தை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, பக்கத்தில் ஒட்டிவிட்டு ஃபில்டரைப் போட்டால் இரு விளிம்பும் ஒன்றாகிவிடும், தையல் மறையும்.

கண்ணாடி பிம்பம் போல இருபுறமும் ஒட்டும் வேலையில் வேறொரு தொல்லை. அப்படிச் செய்தால் எந்தப் பாறையிலும் மரப்பட்டையிலும் நடுக்கோட்டில் ஒரு முகம் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு கண், ஒரு மூக்கு, சில நேரம் கொம்பு. வேண்டுமென்றே செய்தால் சரி. வேண்டாமென்றால் நடுக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அல்லது ஒரு பக்கத்தில் மட்டும் மாஸ்க் போட்டு (ஒரு பகுதியை மட்டும் மறைத்து)ச் சமநிலையைக் கலையுங்கள்.

நிறத்துக்கு வருவோம். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனைக் கடைசிவரை தள்ளினால்தான் 'ஆர்ட்' என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. குல்மோகர் பூவில் செய்து பாருங்கள். சிவப்பின் அளவைக் குறிக்கும் சேனல் ஏற்கெனவே உச்சமான 255-ஐத் தொட்டிருக்கும். மேலும் ஏற்றினால் இதழின் மடிப்பும் நிழலும் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். படத்தை ஒரு நிமிடம் கறுப்பு வெள்ளையாக்கியும் பார்க்கலாம். அப்போது எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறம் எவ்வளவு கத்தினாலும் படம் நிற்காது.

கோப்பு விஷயத்தில் நடப்பவை சலிப்பான தவறுகள், ஆனால் இவைதான் அதிகம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தில் வேலை தொடங்குவது முதலாவது. நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் 5 அங்குலம் சொச்சம்தான். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு அப்படியே வரும். அப்புறம், போன்கள் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. வானத்தைப் பலமாக ப்ளர் செய்தால் அந்தப் படிகள் பட்டை பட்டையாகத் தெரியும். வேலைக்கு முன் படிகள் அதிகமுள்ள 16 பிட்டுக்கு மாற்றி, முடிவில் லேசாக கிரெயின் (பொடிப்புள்ளிகள்) சேர்த்தால் பட்டை தெரியாது. இருட்டில் எடுத்த படமென்றால் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை) முதலிலேயே குறைத்துவிடுங்கள். ஃபில்டர்கள் அதைப் பெரிதாக்கித்தான் காட்டும். மூலப்படத்தின் மேலேயே எழுதிச் சேமிக்கவும் வேண்டாம். ஃபோட்டோஷாப்பில் மூலப்படத்தைக் கெடுக்காமல் வைத்திருக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், 2025-இல் வந்த ஜிம்ப் 3.0-இல் பிறகும் திருத்தக்கூடிய ஃபில்டர்கள் என்று வசதி வந்துவிட்ட பிறகு, 'அன்டூ' பட்டனை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

இணையத்தில் கிடைத்த பிறர் படத்தை 'அடையாளமே தெரியாமல் மாற்றிவிட்டேனே' என்று பயன்படுத்துவதும் சரியல்ல. படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'என்டி' (NoDerivatives) என்று இருந்தால், மாற்றிய படத்தை வெளியிட அனுமதி இல்லை. 'எஸ்ஏ' (ShareAlike) என்று இருந்தால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது, திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் தாளில் அப்படி வராது என்பதை நினைவில் வையுங்கள். பெரிய அளவுக்குப் போகும் முன் ஏ4-இல் ஒரு சோதனைப் பிரதி எடுத்து, டியூப்லைட்டிலும் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். 12க்கு 18 அங்குலப் படத்துக்கு 300 டிபிஐ என்றால் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். மேலே சொன்ன பனந்தோப்பு போலக் கரைந்த படத்துக்கு 150 டிபிஐ இருந்தாலும் போதும், கண்டுபிடிக்க நுணுக்கமே அதில் இல்லை. மரப்பட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. கேன்வாஸில் அடித்துச் சட்டத்தில் மடித்து ஒட்டுவதாக இருந்தால், மடிப்புக்கு எத்தனை அங்குலம் போகும் என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டு, நான்கு பக்கமும் அந்த அளவு கூடுதலாக விட்டுக் கோப்பைக் கொடுங்கள்.