நெசவு ஸ்டூடியோவுக்கு ஒரு நெய்த கேட்: உப்புக்காற்றுக்கும் தாங்குகிற மாதிரி

கைநெசவுக் கலைஞரின் ஸ்டூடியோவுக்கு கேட் என்றால் நேராகப் பட்டறைக்குப் போகாதீர்கள். அவர் நெய்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊடை (குறுக்கு நூல்) பாவை (நெடுக்கு நூல்) ஒன்று விட்டு ஒன்று தாண்டிப் போகிறதா, இரண்டு விட்டு இரண்டா? அதையே உலோகப் பட்டைகளால் பெரிதாக நெய்தால் கேட். மயிலும் பூவும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை.

உலோகம்: குமரி மாவட்டத்தில் வடசேரி, தக்கலை போலக் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். முட்டம், குளச்சல் போலக் கடலோரம் என்றால் 316தான். அதில் சேரும் மாலிப்டினம் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். பெயின்ட் அடித்த இரும்பு இங்கே வேண்டாம். பட்டைகள் உரசும் இடத்தில்தான் முதலில் பெயின்ட் போகும், உப்புத்தண்ணீர் தங்குவதும் அங்கேதான்.

அளவு: ஒரு கதவின் சட்டத்துக்குள் 1425 மி.மீ. சதுரம் என்று வைப்போம். 25 மி.மீ. அகலப் பட்டை, 25 மி.மீ. இடைவெளி. பாவுக்கு 28, ஊடைக்கு 28. தடிமன் 1.5 மி.மீ.; அதற்கு மேல் போனால் கையால் நெய்வது பெரும்பாடு. ஒவ்வொன்றையும் 1500 மி.மீ. நீளமாக வெட்டினால் பட்டைகள் மட்டும் சுமார் 25 கிலோ.

இந்த அளவில் திறந்திருப்பது பரப்பில் கால் பங்குதான். காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வீடு என்றால் இடைவெளியை 50 ஆக்குங்கள். திறப்பு 44 சதவீதமாகும், பட்டை எண்ணிக்கையும் குறையும்.

காகித மாதிரி: பழைய காலண்டர் அட்டையைக் கீற்றுகளாக வெட்டி நெய்து பாருங்கள். ஜீன்ஸில் தெரியும் சாய்கோடு வேண்டுமென்றால் நான்கு வரிசைதான் கணக்கு. இடப்பக்கக் கதவில், அடியிலிருந்து முதல் ஊடை இடமிருந்து 1, 2 பாவுக்கு மேல், 3, 4க்குக் கீழ். அடுத்தது 2, 3க்கு மேல். பிறகு 3, 4. பிறகு 4, 1. திரும்ப முதலிலிருந்து. இரண்டாவது கதவில் இதையே வலமிருந்து எண்ணுங்கள். கோடுகள் நடுவில் கூரையாகச் சேரும். எனக்கு இதுதான் பிடித்தது, சாதா நெசவு ஜன்னல் கம்பியாகத் தெரியும்.

நெசவு: சட்டத்தை மேசையில் படுக்கப் போடுங்கள். பாவுப் பட்டைகளின் மேல்முனையை மட்டும் பொட்டு வைத்துப் பற்றவையுங்கள், கீழ்முனை சும்மா இருக்கட்டும். மரக்கட்டையால் பாவைத் தூக்கித் தூக்கி ஊடையைச் செருகுங்கள். பட்டையின் விளிம்பு கத்திதான், தோல் கையுறை கட்டாயம். எல்லாம் ஏறியபின் இடைவெளியைச் சரிசெய்து, முனைகளைச் சட்டத்தோடு ஆர்கான் வெல்டிங் செய்து, மிச்சத்தை வெட்டுங்கள்.

இரும்பு அறுத்த டிஸ்கால் இதைத் தேய்க்க விடாதீர்கள். இரும்புத்தூள் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் துருப்புள்ளி வரும். வெல்டிங்கில் நீலம் பாய்ந்த இடத்தையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பட்டறையில் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.

மாட்டும்போது: நெசவு சட்டத்தைக் கோணாமல் பிடிக்கும் என்று நம்பாதீர்கள், நான்கு மூலைக்கும் முக்கோணத் தகடு. ஒரு கதவுக்கு மூன்று கீல். குழாய்ச் சட்டமானால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. அப்புறம், கடலோர வீட்டில் வாரம் ஒருமுறை ஹோஸால் நல்ல தண்ணீர் அடித்தால் போதும், பட்டைகள் குறுக்கிடும் இடங்களில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக.