அக்டோபர் 7-இல் டேவிதாரை நினைவுகூர விரும்புவோருக்கு

தமிழ்நாடு அரசு 2022-இல் நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தபோது, ஆண்டுதோறும் அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாகக் கொண்டாடவும் முடிவு செய்தது. நீலகிரியில் வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே வரையாடுகளைத் தேடி மலைகளில் அலைந்து, 1975-இல் அவ்விலங்கைப் பற்றிய தொடக்க கால ஆய்வுகளுள் ஒன்றை நடத்திய இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாகவே அந்த நாள் குறிக்கப்பட்டது. பள்ளியோ இயற்கைக் கழகமோ எதுவாயினும், விழா நடத்துவோர் படத்துக்கு மாலை, சங்கப் பாடலில் வருடை (வரையாட்டின் பழைய பெயர்), மரக்கன்று நடுதல் என்ற வழக்கமான நிரலையே பெரும்பாலும் கையில் எடுக்கிறார்கள். மாலையும் பாடலும் இருக்கட்டும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மரக்கன்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வரையாட்டுக்கு வேண்டியது உயரமான மலைகளின் திறந்த புல்வெளியும் அதை ஒட்டிய செங்குத்துப் பாறையும்தான். புல்லில் மேயும் மந்தை, சிறுத்தையோ செந்நாயோ தொலைவில் தெரிந்த உடனே பாறைக்குத் தாவித் தப்பிக்கிறது. பார்வையை மறைக்கும் மரங்கள் அடர்ந்தால் அந்த வழி அடைபடுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் வந்து, பின்னர் தோல் பதனிட உதவும் பட்டைக்காகவும் கூழ் ஆலைகளுக்காகவும் பெருமளவில் நடப்பட்ட சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நீலகிரிப் புல்வெளியில் பெரும்பகுதியை விழுங்கியது நாம் அறிந்ததே. ஆகவே இந்த நாளில் நடுவதைவிடப் பிடுங்குவதே பொருத்தமான வேலை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் மண் ஈரமாக இருப்பதால், முழங்கால் உயரத்துக்குட்பட்ட சீகைக் கன்றுகள் கையாலேயே வந்துவிடும். தண்டை மண்ணை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து, ஆணிவேர் முழுதாக வந்ததா என்று ஒவ்வொரு கன்றிலும் பார்க்க வேண்டும். பாதியில் அறுந்தால் மீண்டும் துளிர்க்கக்கூடும். சீகைக் கன்றின் இலை நெல்லி இலைபோல் நுணுக்கமாகப் பிரிந்திருக்கும். புல்வெளியில் தனித்து நிற்கும் காட்டுப்பூவரசின் இலையோ தடித்தது, அடிப்பக்கம் வெளுத்தது. அது மண்ணுக்குரிய மரம் என்பதால் அதைத் தொடக்கூடாது. பெரிய சீகை மரங்களை வனத்துறையிடம் விட்டுவிடலாம். சீகை விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடப்பதால், ஒரே துண்டு நிலத்தை எல்லை குறித்துக்கொண்டு ஆண்டுதோறும் அங்கேயே திரும்ப வருவதுதான் பயன் தரும். இடத்தை மாற்றிக்கொண்டே போனால் புகைப்படம் மட்டுமே மிஞ்சும்.

இதற்கெல்லாம் மாவட்ட வன அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் அது கிடைப்பது அரிது என்பதால், பூங்காவுக்கு வெளியே உள்ள புல்வெளியைக் கேட்பது நல்லது. எத்தனை பேர், எந்த இடம், என்ன கருவி என்பதைத் தெளிவாக எழுதி, ஜூலை மாதத்திலேயே விண்ணப்பியுங்கள். குட்டி ஈனும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களுக்கு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நினைவுக் குறிப்பு எழுதுவோர் புகழுரையைக் குறைத்து, டேவிதார் வரையாடுகளை எங்கே எப்படி எண்ணினார் என்பதை முதன்மையாக்கலாம். 2024-இல் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளும் 2025-இல் 1,303-ம் கணக்கெடுப்பில் தெரியவந்தன. இரண்டாம் முறை கணக்கெடுத்த பரப்பும் கூடியிருந்ததால், வேறுபாடு முழுவதையும் பெருக்கம் என்று எழுதிவிடக்கூடாது. 1975-இன் எண்ணிக்கையோடு ஒப்பிடுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டேவிதாருடன் நடந்த வனக்காவலர்கள், வழிகாட்டிய பழங்குடியினர் ஆகியோரின் பங்கையும், அவர்கள் வழங்கும் இடப்பெயர்களையும் உள்ளூர் முதியவர்களிடம் கேட்டுப் பதியுங்கள். ஆனால் மந்தை தங்கும் பாறையின் இருப்பிடத்தை அச்சில் கொடுக்காதீர்கள், வேட்டைக்காரருக்கு அதுவே வழிகாட்டியாகிவிடும்.

சமவெளிப் பள்ளிகள் ஒரு வரைபடத்தை விரித்து, நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, மேகமலை, அகத்தியமலை ஆகியவற்றின் உயரமான புல்வெளிகளை மாணவர்களைக் கொண்டே பச்சையில் தீட்டச் சொல்லலாம். பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் அவற்றை எங்கே துண்டிக்கின்றன என்று குறித்ததும், ஒரு மலையில் அழிந்த மந்தைக்குப் பதிலாக இன்னொரு மலையிலிருந்து ஆடுகள் தாமாக ஏன் வந்து சேர முடியாது என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்பினால், மீதி நேரத்தை மாணவர்களே பேசி நிரப்பிவிடுவார்கள்.