பின் இருக்கைக்குக் கீழே இருந்த பெட்ரோல் கசிவு

பொள்ளாச்சியில் டேங்கை நிரப்பிக்கொண்டு, ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள், காருக்குள் பெட்ரோல் வாடை தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. பின்னால் இருந்த அம்மா, "வண்டிய நிறுத்து சாமி, வவுத்தப் பொரட்டுது" என்றார்.

ஒரு பட்டறையில் இன்ஜின் பக்கத்து பெட்ரோல் குழாயை மாற்றியும் பயனில்லை. ஒரு மாதம் கவனித்த பிறகுதான், டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் வாடை வருவதில்லை என்பது புலப்பட்டது. அப்படியானால் கசிவு டேங்கின் மேற்பகுதியில்தான் இருக்க வேண்டும்.

பெட்ரோல் குறைந்திருந்த ஒரு நாளில், காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, எரிபொருள் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, குழாயில் இருந்த பெட்ரோல் அழுத்தத்தைக் குறைத்தேன். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். ஆகவே இந்த வேலையை மூடிய கொட்டகைக்குள் செய்யவே கூடாது.

பின் இருக்கையைத் தூக்கி, அதற்குக் கீழே டேங்குக்கு மேல் இருந்த மூடியைத் திறந்தபோது, டேங்குக்குள் இறங்கியிருக்கும் பம்பின் தலையைச் சுற்றிப் படிந்திருந்த செம்மண் புழுதி ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் ஈரமாகக் கறுத்திருந்தது. பம்புக்கும் டேங்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் இறுகி, விரலால் வளைத்ததுமே வெடித்தது. சாதாரண ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும் என்பதால், அந்த மாடலுக்கே உரிய வளையத்தைக் கேட்டு வாங்கிப் பொருத்தினேன்.

அதன் பின் டேங்கை நிரப்பி இருமுறை வால்பாறை போய்வந்தோம், வாடை இல்லை.