உயில் இல்லாத தந்தையின் வீட்டில் பங்கு கோரும் முறை

பெற்றோர் பத்தாங் பெர்சுந்தை என்றும் அரசு ஆவணங்கள் பெஸ்தாரி ஜெயா என்றும் குறிப்பிடும் எங்கள் சிலாங்கூர் ஊரில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பணத்தில் அப்பா வாங்கிய மலிவு விலை வீடு, அவர் உயில் எழுதாமல் மறைந்த பின் நெடுங்காலம் அவர் பெயரிலேயே கிடந்தது. அதை வழக்கறிஞரை அமர்த்தாமல் அம்மா பெயருக்கும் பிள்ளைகள் நால்வர் பெயருக்கும் மாற்றிய முறையை எழுதுகிறேன். தீபகற்ப மலேசியாவின் முஸ்லிம் அல்லாத குடும்பங்களுக்கே இது பொருந்தும்.

முதற்படி, எது அப்பாவின் சொத்து என்று உறுதி செய்வது. எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் லயத்து வீடு (தொழிலாளருக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடு) தோட்ட நிறுவனத்துக்கு உரியது. பட்டாவில் அப்பாவின் பெயர் இருக்கும் வீட்டிலோ நிலத்திலோ நாம் பங்கு கேட்க முடியும். பழைய நகலை நம்பாமல், நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திக் 'சாரியான் ரஸ்மி' எனப்படும் அதிகாரபூர்வப் பட்டா விவர அறிக்கையை எடுத்துவிடுங்கள். வங்கிக் கடனோ தடையோ இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

அடுத்து, மனுவை எங்கே கொடுப்பது என்ற கேள்வி. வீடோ நிலமோ அடங்கிய சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, நிலம் இருக்கும் மாவட்டத்துக்கான சொத்துப் பங்கீட்டு அலுவலகத்தில் 'போராங் ஏ' என்ற மனுப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை வரை இவ்வரம்பு 20 லட்சமாக இருந்தது. நிலமே இல்லாமல் சேமிப்பு போன்றவை மட்டும் 6 லட்சத்துக்குள் இருந்தால் அரசுக்குச் சொந்தமான அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவை அணுகலாம். மற்றவை உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

பங்கின் அளவை 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வகுத்திருக்கிறது. அப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லாததால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கும், எங்கள் நால்வருக்கும் மொத்தச் சொத்தில் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கும் வந்தன. மணமாகிப் போன அக்காவுக்கும் அதே அளவுதான்.

நான் மாதக்கணக்கில் நின்றுபோனது உறவை நிறுவும் இடத்தில். அப்பா அம்மாவின் திருமணம் 1974இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. பதிவுச் சான்றிதழ் கிடையாது. 1982 மார்ச் 1க்கு முன் சமய வழக்கப்படி நடந்த திருமணங்களைப் பதிவு செய்யப்பட்டவையாகவே சட்டம் கருதுகிறது என்பதை அறியாமல் நான் வீணாகக் கலங்கினேன். ஆயினும் திருமணம் நடந்ததைக் காட்ட வேண்டியிருந்ததால், அம்மாவும் அன்று பந்தலில் இருந்த பெரியவர் ஒருவரும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழி அளித்தனர். அதைவிடக் கடினமாக இருந்தது பெயர்ச் சிக்கல்: அப்பாவின் பெயர் என் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அவருடைய அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. பழைய தோட்டங்களில் கிராணி (எழுத்தர்) காதில் கேட்டதை எழுதிக்கொண்ட காலத்தவர் பலருக்கும் இந்நிலை உண்டு. ஆகவே, மனு கொடுப்பதற்கு முன்பே எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொன்றுக்கும் 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்யுங்கள். குடும்ப மரத்தை ஒரே தாளில் வரைந்து கோப்பின் முதல் பக்கத்தில் வைப்பதையும் நான் வற்புறுத்துவேன். விசாரணை அதிகாரி என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அந்தத் தாளே பதில் சொன்னது.

விசாரணைக்கு வாரிசுகள் அனைவரும் அசல் ஆவணங்களுடன் வர வேண்டும். வர இயலாதவர், பங்கீட்டுக்குத் தம் ஒப்புதலைத் தெரிவிக்கும் 'போராங் டிடிஏ' படிவத்தில் முறைப்படி கையொப்பமிட்டு அனுப்பலாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி அப்படித்தான் செய்தான். ஆனால் பங்கை விட்டுக்கொடுக்கும்படி யாரையும் அந்தத் தாளைக் காட்டி நெருக்காதீர்கள். கிடைக்கும் ஆணையைப் பட்டாவில் பதிவு செய்த பிறகே பெயர் மாறும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் கேட்டதால் சேர்க்கிறேன். இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவருக்குக் கால் பங்கு, மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகள் அனைவருக்கும் சேர்த்துப் பாதி. தந்தைக்கு முன்பே இறந்த பிள்ளையின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குச் சேரும். அவர்களுடைய பிறப்புப் பத்திரங்களையும் கோப்பில் சேருங்கள்.