சேவலா, பெட்டையா: கோழிக்குஞ்சைப் பார்த்துச் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மொட்டைமாடியிலோ வீட்டுப் பின்புறத்திலோ நான்கைந்து கோழி வளர்க்க முனைபவர்களில் பலர் முட்டைக்காகவே வளர்க்கிறார்கள். ஆகவே வாங்கும்போதே பெட்டைக்குஞ்சாகப் பார்த்து எடுக்க விரும்புகிறார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ வேறெங்கோ குஞ்சுக்கூடையின் முன்னால் குனிந்து, "இதுல பெட்டை எதுங்க?" என்று கேட்டால் ஏதோ இரண்டு குஞ்சு கைக்கு வந்துவிடும். மூன்று, நான்கு மாதம் கழித்து அவற்றுள் ஒன்று விடியுமுன்னே கூவத் தொடங்கினால், சுவரோடு சுவர் ஒட்டிய நம் குடியிருப்புகளில் அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடுகிறது. பிறகு அந்தச் சேவல் யாரிடமாவது தள்ளிவிடப்படுகிறது, அல்லது தெருவில் விடப்பட்டு நாய்க்கு இரையாகிறது. ஓர் இனத்துக்கும் ஒரு வயதுக்கும் மட்டுமே பொருந்துகிற அடையாளத்தை எல்லாக் குஞ்சுக்கும் பொருத்திப் பார்ப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

முதல் தவறு முட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. நீண்டு கூரான முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்று அடை வைக்கும்போதே பிரித்து எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோழியினத்தில் குஞ்சின் பாலை முடிவு செய்வது தாயின் கருமுட்டை. அதில் இருப்பது இசட் நிறப்புரியானால் (குரோமோசோம்) சேவல், டபிள்யூ நிறப்புரியானால் பெட்டை. இது முடிவான பிறகே அந்தக் கரு முட்டைக்குழாயில் இறங்கி, ஏறக்குறைய இருபது மணி நேரம் கருப்பையில் தங்கி ஓடு பெறுகிறது. ஓட்டின் வடிவம் அந்தக் கோழியின் உடலமைப்பைப் பொறுத்தது; ஒரே கோழி ஏறத்தாழ ஒரே வடிவ முட்டைகளையே இட்டுக்கொண்டிருக்கும். நூலில் ஊசி கட்டிக் குஞ்சின் மேல் ஆட்டிப் பார்ப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்ப்பது ஆகியவற்றுக்கும் எந்த அடிப்படையும் இல்லை. தலைகீழாகத் தொங்கவிடுவது குஞ்சுக்கு வதையும்கூட.

இன்று மிக அதிகமாகப் பரவியிருக்கும் தவறு இறக்கையைப் பார்த்துச் சொல்வது. பொரித்த அன்றோ மறுநாளோ குஞ்சின் இறக்கையை விசிறிபோல மெல்ல விரித்துப் பார்த்தால், விளிம்பில் இரண்டு வரிசையாக இறகுக்குருத்துகள் தெரியும். கீழ்வரிசையில் இருப்பவை பின்னாளில் பறக்கும் இறகாகும் முதன்மை இறகுகள். மேல்வரிசையில் இருப்பவை அவற்றை மூடும் சிற்றிறகுகள். கீழ்வரிசை தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை, இரண்டும் சமமாகவோ கீழ்வரிசை குட்டையாகவோ இருந்தால் சேவல் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். காட்டுவது பொய்யல்ல, எந்தக் குஞ்சில் காட்டுகிறார்கள் என்பதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள். இறகை மெதுவாக வளரச் செய்யும் மரபணு இசட் நிறப்புரியில் இருக்கிறது. வேகமாக இறகு முளைக்கும் வழியைச் சேர்ந்த சேவலையும், மெதுவாக முளைக்கும் வழியைச் சேர்ந்த பெட்டையையும் திட்டமிட்டு இணைத்தால், மகன்கள் தாயின் மெதுவான மரபணுவைப் பெறுகிறார்கள். மகள்கள் தந்தையின் இசட்டை மட்டும் பெற்று வேகமாக இறகு விடுகிறார்கள். குஞ்சுப் பொரிப்பகங்கள் இதற்கென்றே தாய்க்கோழி வரிசைகளைத் தனித்தனியாகப் பேணுகின்றன. ஊரில் மேய்ந்து கலந்த நாட்டுக்கோழியிலோ, சிறிய உடல்வாகுள்ள நாட்டு வகையான சிறுவிடையிலோ, பெரிய உடல்வாகுள்ள பெருவிடையிலோ இத்தகைய ஏற்பாடு ஏதுமில்லை. தாயும் தந்தையும் வேகமான வகையாக இருந்தால் எல்லாக் குஞ்சும் பெட்டைபோலத் தோன்றும்; இருவரும் மெதுவான வகையானால் எல்லாமே சேவல்போலத் தோன்றும். ஏற்ற கலப்பினமாகவே இருந்தாலும் இரண்டு மூன்று நாள் கடந்துவிட்டால் வேறுபாடு மங்கிவிடுகிறது. ஆகவே சந்தையில் வாங்கிய ஒரு வாரக் குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை.

எச்சத்துவாரத்தைப் பிதுக்கிப் பார்க்கும் முறையை வீட்டில் முயல்வது இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. 1920களில் ஜப்பானில் மசூயி கியோஷியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து நிலைநிறுத்திய இம்முறையில், பொரித்து ஒரு நாளுக்குள் துவாரத்தை விரித்து, உள்ளே இருக்கும் மிகச் சிறிய புடைப்பின் அளவையும் வடிவையும் பளபளப்பையும் கொண்டு பால் அறியப்படுகிறது. நெடுநாள் பயிற்சி பெற்றவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் பெட்டைக்குஞ்சுகள் சிலவற்றிலும் அந்தப் புடைப்பு எஞ்சியிருக்கும் என்பதால், பழகாத கண் ஏமாறியே தீரும். அதைவிட முக்கியமானது, பிறந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கருவின் மிச்சம் இன்னும் கரையாமல் இருக்கிறது. கூடுதலாக அழுத்தும் ஒரு விரல் அந்தப் பையைக் கிழித்துக் குஞ்சைக் கொன்றுவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

நிறத்தைக் கொண்டு பிரிப்பதும் கலப்பினங்களுக்கு உரியதுதான். பொன்னிறச் சேவலையும் வெள்ளி நிற மரபுடைய பெட்டையையும் இணைத்தால் வெளிர் நிறக் குஞ்சுகள் சேவலாகவும் செம்பழுப்புக் குஞ்சுகள் பெட்டையாகவும் பிறக்கும். பெற்றோரை இடம் மாற்றினால் இந்தப் பயன் கிடைக்காது. தெருவில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றி விற்கும் குஞ்சுகளில் நிறம் எதையும் சொல்லாது. முட்டைப் பண்ணைகளுக்குப் பெட்டை மட்டுமே தேவை என்பதால் பொரிப்பகங்களில் ஒதுக்கப்படும் சேவல்குஞ்சுகளே இவற்றில் பெரும்பகுதி. குழந்தை கேட்கிறது என்று வாங்கி, முட்டையிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

கொண்டையைப் பார்ப்பது ஓரளவு நம்பத்தக்க வழி. இனம் தெரிந்திருந்தால் மட்டும். ஒற்றைக் கொண்டையுள்ள சிறுவிடைக் குஞ்சுகளில், ஐந்தாறு வாரத்தில் ஒன்றின் கொண்டை சிவந்து தடித்து, தாடியும் எட்டிப் பார்த்தால், உடன்பிறந்த மற்றதில் அது மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தில் சின்னதாகவே நின்றால், சிவந்தது பெரும்பாலும் சேவல். இதே அளவுகோலைச் சண்டைக்கோழி இனமான அசில், பெருவிடைக் குஞ்சுகளிடம் வைத்தால் தவறிவிடும். அவற்றின் கொண்டை தலையோடு படிந்து தாமதமாகவே வளர்வதால் சேவலையும் பெட்டை என்று சொல்லிவிடுவோம். கடக்நாத் எனப்படும் கருங்கோழியில் கொண்டையே கருமை படர்ந்திருப்பதால் சிவப்பைத் தேடுவது வீண். வெவ்வேறு நாளில் பொரித்தவற்றை ஒன்றாக வைத்து ஒப்பிடுவதும் இதே வகைத் தவறு. பத்து நாள் மூத்த பெட்டை, இளைய சேவலைவிடத் தடித்த காலும் பெரிய கொண்டையும் காட்டும்.

நெஞ்சை நிமிர்த்தி ஒன்றோடொன்று மோதும் குஞ்சுகள் எல்லாம் சேவல் அல்ல. மூன்று, நான்கு வார வயதில் பெட்டைகளும் அப்படித்தான் மோதும்.

பொறுத்திருக்க முடிந்தால், வால் தொடங்குமிடத்துக்கு முன்னுள்ள இடுப்பு இறகு ஏறக்குறைய ஐயத்தைத் தீர்த்துவிடும். பத்து முதல் பதினான்கு வாரத்துக்குள் அந்த இடத்தில் ஓர் இறகை விரலால் தூக்கிப் பாருங்கள். பெட்டையின் இறகு முனை வட்டமாக அகன்றிருக்கும். சேவலுக்குப் புதிதாக முளைப்பது குறுகி, கூர்ந்து, பளபளத்து, விளிம்பில் நூல்நூலாகப் பிரிந்து பக்கவாட்டில் தொங்கும். கழுத்தறுத்தான் கோழியில் கழுத்து இறகு இல்லாததால் இந்த இடுப்பு இறகே துணை. கால்முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். வயதான பெட்டைக்கும், குறிப்பாக அசில் பெட்டைக்கு, முள் வருவதுண்டு.

வாங்கும்போதே தவிர்க்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியானாலும் வனராஜா, கிரிராஜாவானாலும், புறக்கடை இனக் குஞ்சுகள் பெரும்பாலும் பால் பிரிக்காமலேதான் கிடைக்கின்றன. இரண்டே குஞ்சு வாங்கினால் இரண்டும் சேவலாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. நான்கு வாங்கினால் நான்குமே சேவலாக அமையும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாகக் குறையும். சேவலுக்கு இடமே இல்லாத வீட்டினர் ஒரு நாள் குஞ்சை விட்டுவிட்டு, விலை கூடினாலும் மூன்று மாதம் வளர்ந்த விடைக்கோழியாக, அதாவது இளம்பெட்டையாக, வாங்குவது நல்லது. குஞ்சாகவே வளர்ப்பவர்கள் ஒவ்வொன்றின் காலிலும் வேறு வேறு நிற வளையம் மாட்டி, வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில் தலையையும் இடுப்பையும் படம் எடுத்து வைத்தால், எந்தக் குஞ்சில் எப்போது மாற்றம் தொடங்கியது என்பது தெளிவாகத் தெரியும். கால் தடிக்கத் தடிக்க வளையத்தைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும்; மறந்தால் அது சதைக்குள் பதிந்துவிடும்.