த்சுமாகோவுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஜப்பானின் நாகானோ மாநிலத்தில், கிசோ பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன மலையூர் த்சுமாகோ. எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கியோட்டோவுக்குப் போன நாகாசெண்டோ சாலையில் வழிப்போக்கர்கள் தங்கிச் செல்ல 69 ஊர்கள் இருந்தன. அதில் இது 42-வது. தெரு நெடுக மர வீடுகள். மின்கம்பிகூடக் கண்ணில் படாது.

அதனாலேயே பலர் இதை ஓர் அருங்காட்சியகம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு. இங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. ரயிலும் புதுச் சாலைகளும் வந்தபின் வெறிச்சோடிப் போன ஊர் இது. 1971-இல் ஊர்க்காரர்கள் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். நாம் ரசிக்கிற தெரு அந்தப் பிடிவாதத்தில் பிழைத்தது. கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே நுழைவதும், படம் எடுக்க சன்னலில் எட்டிப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, மதியம் வந்து சாயங்காலமே கிளம்பிவிடுவது. கூட்டம் நெரிவது அந்த நேரத்தில்தான். ஓர் இரவு தங்குங்கள். கடைகள் மூடி, விளக்குகள் ஏற்றிய பிறகுதான் ஊர் தன் முகத்தைக் காட்டும். ஆனால் அப்போது சாப்பாட்டுக் கடை தேடி அலைய முடியாது. தங்கும் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவையுங்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே விளக்கிவிடுங்கள். காய்கறிக் குழம்பிலும் சோபா நூடுல்ஸ் சாற்றிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும்.

அதே சாலையில் அடுத்த ஊரான மாகோமேயிலிருந்து த்சுமாகோவுக்கு 8 கிலோமீட்டர் மலைப்பாதை. எதிர்த்திசையில் நடந்தால் ஏற்றம் அதிகம். பெட்டியை உருட்டிக்கொண்டு போகாதீர்கள். சீசனில் இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமையைக் கொண்டுசேர்க்கும் சேவை இருக்கிறது, காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். வழியில் தொங்கும் மணிகளைச் சும்மா கடந்து போகாமல் நன்றாக அடியுங்கள், அவை கரடிகளை விலக்க வைத்தவை. அப்புறம், நகிசோ ரயில் நிலையத்துக்குப் போகும் பேருந்துகள் குறைவு. நேரத்தைப் பார்த்து வையுங்கள்.

கடைசியாக, த்சுமாகோவில் ஒரு காலத்தில் பிரமுகர்கள் தங்கும் விடுதியாக இருந்த ஒகுயா வீட்டைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடிக்காதீர்கள். கிசோவில் ஒரு ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரத்தை வெட்டினால் ஒரு தலை போகும் என்றிருந்த காலம் போய், தடை நீங்கியபின் 1877-இல் அதே ஹினோக்கியில் திரும்பக் கட்டிய வீடு அது. நடுக்கூடத்தில் தரையோடு தரையாக இருக்கும் கணப்பில் இன்றும் நெருப்பு மூட்டுகிறார்கள். புகை படிந்து உத்தரங்கள் கறுத்துப் பளபளக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கணப்போரம் உட்காருங்கள். குளிர்காலத்தில், வெயில் சாய்கிற நேரத்தில் போனால், சன்னல் கம்பிகளின் வழியே வரும் ஒளி அந்தப் புகையில் பட்டுக் கோடு கோடாகத் தரைவரை இறங்குவதைப் பார்க்கலாம்.